உப்புப் பார்த்தவள்

கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் எந்த மேசையிலும் உப்புக் கிண்ணம் இருக்காது. தண்ணீர்க் கூஜா இருக்கும், டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருக்கும், கை துடைக்கப் பழைய துணி ஆணியில் தொங்கும். உப்பு மட்டும் கிடையாது. கரண்டியக்கா சமையல் பொறுப்புக்கு வந்த வருஷமே கிண்ணங்களை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். மேசையில் உப்பு வைப்பது சமைத்தவளை முகத்துக்கு நேரே திட்டுவது போல என்பது அவள் கட்சி.

கரண்டியக்கா என்று எல்லோரும் கூப்பிட்டதற்குக் காரணம், சோறு தயாரானதும் அவள் பெரிய கரண்டியால் அண்டாவின் விளிம்பில் தட்டுவாள். உலைப் பக்கத்து இரைச்சலையும் மீறி அது கேட்கும். அவளை எல்லோரும் அக்கா என்றதால் அவள் புருஷன் எல்லோருக்கும் மாமா ஆகிவிட்டார். அவர் அங்கேயே அடுப்புப் பார்க்கிறவர். விறகடுப்புக் காலத்தில் வந்து சேர்ந்து, எரிவாயு வந்த பிறகும் அடுப்புக்காரர் என்ற பெயரோடு நிலைத்துவிட்டார். இத்தனை மச்சான்களுக்கும் தினம் சோறு போட வேண்டியிருக்கிறதே, மாமியார் வீட்டில் முன்பே சொல்லவில்லையே என்று அவர் அலுத்துக்கொள்வதைக் கேட்டு நாங்கள் சிரிப்போம். அவருடைய தங்கை, புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள், பரிமாறவும் பாத்திரம் கழுவவும் இருந்தாள். இந்த மூன்று பேர்தான் அந்தக் குடும்பம், அந்தச் சமையலறையும். தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

சமையலறையில் கரண்டியக்கா வைத்த சட்டம் ஒன்று உண்டு. உப்புப் பார்ப்பது ஒருவர்தான். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு கை போடுவார்கள், அண்டா பாழாகும். அதனால் அவள் மட்டும் கரண்டி நுனியால் ஒரு சொட்டை எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு, ஊதி, நக்கிப் பார்ப்பாள். பிறகு ஒரு கை அள்ளிப் போடுவாள், அல்லது மூடிவிடுவாள். நாத்தனாரோ புருஷனோ அதற்கு முன் வாயில் வைத்துப் பார்த்ததில்லை. இது பயத்தினால் அல்ல. அந்தக் கை தவறியதே இல்லை.

அங்கே உப்பு என்பது ருசிக்கு மட்டும் உள்ள சமாசாரமும் அல்ல. உலையடியில் நிற்கிறவர்களுக்கு ஒரு ஷிப்டில் சட்டை இரண்டு தரம் நனைந்து இரண்டு தரம் காயும். வெளியே வரும்போது முதுகில் வெள்ளையாகக் கோடு கோடாக உப்புப் பூத்திருக்கும். அந்த உடம்புகள் சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் தேடுவது உப்பைத்தான். கரண்டியக்கா மற்ற இடங்களில் போடுவதைவிட ஒரு பிடி கூடவே போட்டு வந்தாள்.

வெயில் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு நாள் காலை, கிழங்குக் கறி கொதித்துக்கொண்டிருந்தபோது, அவள் மூடியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். மூடி கீழே விழுந்தது. அடுத்தாற்போல அவளும் உட்கார்ந்தாள், விழவில்லை, மேசைக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தரை சுற்றுகிறது, பிடித்துக்கொள்ளுங்கள், நான் சறுக்கிக்கொண்டு போகிறேன் என்று சொன்னாளாம். தரை அங்கேயேதான் இருந்தது. பிறகு வாந்தி. கண்ணைத் திறந்தால் சுவர் ஓடுகிறது, மூடினால் தானே ஓடுவது போல இருக்கிறது. அடுப்புக்காரர் அவளைத் தூக்கி அரிசி மூட்டைகளின் மேல் கிடத்தினார். மதியச் சாப்பாடு அன்று எப்படியோ நடந்தது. சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தவள் ஒன்றும் நடக்காதது போல முகம் கழுவினாள்.

நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. இந்த வயசில் குமட்டல் வந்தால் ஊர் என்ன நினைக்கும் தெரியுமா அண்ணி என்று கேட்டாள். கரண்டியக்கா சிரித்தாள். ஆனால் அவளுக்குச் சில மாதங்களாகவே இடது காதில் குளிக்கும்போது தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது போல ஓர் அடைப்பு இருந்தது. கூடவே ஓர் இரைச்சல். அது உலைக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் சத்தம் என்றே அவள் நினைத்திருந்தாள். ஆண்டுப் பராமரிப்புக்காக உலையை அணைத்திருந்த வாரத்திலும் அது நிற்காதபோதுதான் அது தனக்குள்ளிருந்து வருகிறது என்று தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு சின்ன அறையில் அவளை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார். இடது காதில் கீச்சென்ற சத்தங்கள் கேட்டன. தடித்த சத்தங்கள் கேட்கவில்லை. பிற்பாடு, எல்லாம் வெளியே தெரிந்த பிறகு, அடுப்புக்காரர் இதை எங்களிடம் சொன்ன விதம் வேடிக்கையாக இருந்தது. நாத்தனார் கத்துவது கேட்கும், புருஷன் பேசுவது கேட்காது, கடவுள் பார்த்து அனுப்பின வியாதி என்றார். சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

டாக்டர் விளக்கியது இதுதான். உள்காதில் நத்தை ஓடு போல சுருண்ட ஓர் இடமும் அதை ஒட்டிச் சில வளையங்களும் இருக்கின்றன, கேட்பதும் நிலை தவறாமல் நிற்பதும் அவற்றைக்கொண்டுதான். அவற்றுக்குள் இருக்கிற நீர் அளவோடு இருக்க வேண்டும். இவளுக்கு அது கூடிப்போகிறது. கூடி உள்ளே அழுத்தும்போது உலகம் சுற்றும், காது அடைக்கும். வடியும்போது சரியாகும். ஒவ்வொரு தடவையும் கேட்கும் சக்தியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். ஏன் வருகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. முழுசாகப் போக்க மருந்தில்லை, அடக்கி வைக்கலாம். சிறுநீர் பிரிய ஒரு மாத்திரை, சுற்றலுக்கு ஒரு மாத்திரை. காப்பியைக் குறைக்க வேண்டும். உப்பு கிட்டத்தட்டக் கூடவே கூடாது, உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பிறகு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் இனிமேல் நிற்காதீர்கள் அம்மா என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் புருஷனைத் தன் வலது பக்கம் உட்காரச் சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். தொழிற்சாலையில் விதி உண்டு, மயக்கம் வருகிறவர்களைச் சூட்டு வேலையில் வைக்க மாட்டார்கள். அண்டாவை நான் தூக்க மாட்டேன், கிட்டேயே போக மாட்டேன், நீங்கள் கிளறுங்கள், நீங்கள் இறக்குங்கள், உப்பு மட்டும் நான் பார்க்கிறேன், அதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதீர்கள் என்றாள். அவர் சரி என்றார். அவர் அவளுக்கு முடியாது என்று சொன்னதை நாங்கள் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு சட்டி. பெரிய சட்டியில் நாத்தனாருக்கும் அண்ணனுக்கும், சின்னச் சட்டியில் உப்பில்லாமல் அவளுக்கு. முதல் வாரம் அவள் பட்ட பாடு சுவர் வழியே எங்களுக்குத் தெரியும், ஏதோ பத்தியம் என்று நினைத்துக்கொண்டோம். பஞ்சைத் தின்கிற மாதிரி இருக்கிறது, காகிதத்தைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பாள். எலுமிச்சை பிழிந்து பார்த்தாள், மிளகு தூக்கலாகப் போட்டுப் பார்த்தாள். மெல்ல மெல்ல அந்தப் பேச்சு நின்றது. கிழங்குக்குத் தனியாக ஒரு தித்திப்பு இருக்கிறது தெரியுமா, இத்தனை வருஷம் உப்பைப் போட்டு மூடியிருக்கிறேன் என்று ஒரு நாள் என் வீட்டுக்காரியிடம் ஆச்சரியமாகச் சொன்னாள். சுற்றலும் குறைந்தது. எப்போதாவது வந்தால் முன்கூட்டியே காது அடைத்துச் சொல்லிவிடும். கிடங்கில் போய்ப் படுத்துக்கொள்வாள். தலைவலி என்று நாத்தனார் வெளியே சொல்லிவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் சாப்பாட்டில் உப்பு குறைய ஆரம்பித்தது.

முதலில் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் குறைந்திருக்கும், இருக்கட்டும் என்று விட்டார்கள். பிறகு தினமும் அப்படியே. உலையாட்களில் ஒருவன், வீட்டில் மாமாவோடு சண்டையா அக்கா என்று கேட்டான். இன்னொருவன், கவலைப்படாதே, சட்டையைக் கழற்றிக் குழம்பில் ஒரு முக்கு முக்கினால் சரியாகிவிடும் என்றான். கரண்டியக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். ஆனால் உள்ளே போனதும் இன்னொரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். அவள் நாக்குக்குச் சரியாகத்தான் இருந்தது. கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. சந்தேகம் வந்து, தன் சட்டத்தைத் தானே மீறி, புருஷனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

உப்பு குறைவது நாத்தனாருக்குத் தெரிந்தது. அவள் அண்ணனிடம் தனியாகப் போய்ச் சொன்னாள். அவர் ஒருநாளும் இல்லாமல் அவளைக் கடிந்துகொண்டார். நானே பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது, உனக்குத்தான் நாக்கு நீளம், அவளே நொந்து கிடக்கிறாள், அவள் காதில் இது விழுந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்றார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நாங்களும் அதையேதான் வேறு விதமாகச் செய்தோம். கரண்டியக்காவை எல்லோருக்கும் பிடிக்கும். உப்பு கேட்டால் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. அதனால் வீட்டிலிருந்து காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவர ஆரம்பித்தோம். மேசைக்கடியில் பிரித்து, அவள் திரும்பும் நேரம் பார்த்து, சோற்றின் மேல் தூவிக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குத் தெரியாமல் கொறிப்பது போல. அவள் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் நன்றாக இருக்கிறது என்போம். இதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. ஒருவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்கிறோம் என்கிற சந்தோஷம்.

பொட்டலம் கொண்டுவராத ஆள் ஒருவர் இருந்தார். உலையில் பாட்டில் வார்க்கும் அச்சுகளைப் பார்க்கிற அச்சுக்காரர். தட்டில் எது விழுந்தாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவதால் அவருக்குச் சாமியார் என்று பெயர். வெயில் முற்றிய வாரத்தில், கூரைத் தகரம் நெளிந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சூடான அச்சை இடுக்கியால் பிடித்துத் திரும்பியபோது அவர் கெண்டைக்கால் இறுக்கிச் சுருட்டிக்கொண்டது. கால் மடங்கி விழுந்தார். அச்சு முன்கையின் மேல் விழுந்தது. அவர் கத்தவில்லை. பக்கத்தில் நின்றவர்கள்தான் கத்தினார்கள்.

கரண்டியக்கா விஷயம் கேட்டுத் தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு தொழிற்சாலை மருந்தகத்துக்குப் போனாள். சாமியார் கையில் கட்டோடு படுத்திருந்தார். கம்பவுண்டர் அவருக்கு உப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வியர்வையில் போகிற உப்பு உள்ளே வரவில்லை என்றால் இப்படித்தான் சதை பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அவளைப் பார்த்ததும் சாதாரணமாக, மற்றவர்களைப் போலப் பொட்டலம் கொண்டுவரச் சொல்லியிருக்கலாமே அக்கா என்றார்.

என்ன பொட்டலம் என்று கேட்டாள்.

அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் சுவரைப் பார்த்தார். கம்பவுண்டருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. "உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். ரெண்டு மாசமா யாரும் பொட்டலம் இல்லாம அங்க உக்கார்றதில்லை. நானும்தான்."

அவள் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். சமையலறையில் நாத்தனார் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கரண்டியக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, தன் வலது காதை அவள் பக்கம் கொடுத்து, பொட்டலம் உண்மையா என்று கேட்டாள். நாத்தனார் முதலில் அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனிடம் சொன்னதையும், அவர் கடிந்துகொண்டதையும். கடைசியில், சொல்லலாமா கூடாதா என்று தெரியாத குரலில், "அண்ணன் நாக்கும் உங்க நாக்கு மாதிரி ஆயிடுச்சு அண்ணி. அது உங்க சட்டியிலதான் சாப்பிடுது. நீங்க மாத்திரை போட்டுக்கிட்டுப் படுத்ததுக்கப்புறம்" என்றாள். பெரிய சட்டியில் மிச்சமாவதெல்லாம் மறுநாள் காலையில் தன் தட்டுக்குத்தான் வருகிறது என்றும் சொன்னாள்.

அன்று வீட்டில் நடந்த பேச்சு எங்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. கேட்கக் கூடாது என்று என் வீட்டுக்காரி குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு அவளே மூடினாள்.

"எந்தச் சட்டியில போட்டுச் சாப்பிடறீங்க?"

தண்ணீர்க் குடத்தின் மூடியை அவர் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டுச் சும்மா இருக்காதீங்க. வலது பக்கம்தான் நிக்கறீங்க."

"உன் சட்டியிலதான்."

"எப்போலேருந்து?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோமே, அன்னிலேருந்து."

"எதுக்கு?"

"நீ பஞ்சைத் திங்கறேன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கும்போது எனக்கு மட்டும் எப்படி எறங்கும்? கூடச் சாப்பிட்டா உனக்குத் தெரிஞ்சுடும், திட்டுவே. அதான் அப்புறமா."

பிறகு அவள் குரல் தாழ்ந்து வந்தது.

"நான் திங்கறது சீக்குக்கு. உங்களுக்கு என்ன சீக்கு? என் நாக்கு போச்சுன்னு எனக்கே தெரியாது. உங்களைக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேனே, ஏன் சொன்னேன்? எனக்குன்னு மிச்சம் இருந்தது உங்க நாக்கு ஒண்ணுதானே. அதையும் கொண்டுவந்து என்னோடதோட சேத்துக் கெடுத்துட்டு நிக்கறீங்க."

"எனக்குத் தெரியலை."

"ஆமா. யாருக்கும் தெரியலை. எல்லாரும் நல்லவங்களா இருந்தீங்க. அந்தாளு கை வெந்து போச்சு."

மறுநாள் காலை அவள் மேலாளரின் அறைக்குத் தானே போனாள். புருஷனை வர வேண்டாம் என்றுவிட்டாள். தன் காதைப் பற்றியும், சுற்றலைப் பற்றியும், மறைத்ததைப் பற்றியும், நாக்கைப் பற்றியும் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மேலாளர் நல்ல மனுஷர். இந்த வெயிலில் நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவனுக்கும் சதை பிடிக்கும், எல்லாப் பழியையும் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அவள் அந்த ஆறுதலை ஏற்கவில்லை. பாதி என்னுடையதாக இருந்தாலும் என்னுடையதுதானே என்றாளாம். விதி விதிதான். வாரக் கடைசிக்குப் பிறகு அவள் அடுப்பறைக்குள் வரக்கூடாது. பின்கட்டில் காய் நறுக்கும் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யலாம். அண்டாவை யாரிடம் கொடுப்பது என்று அவர் யோசித்தபோது, என் நாத்தனார் இருக்கிறாள், அவள் நாக்கு நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள், நல்லதுதான் என்றாள்.

மிச்சமிருந்த நாட்களில் அவள் அடுப்புக்கு எட்டத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து நாத்தனாருக்குப் பழக்கினாள். எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் சங்கடம். அளவு அவள் கையில் இருந்தது, கை நாக்கைக் கேட்டு நடந்தது, நாக்கு இப்போது இல்லை. முதல் நாள் பருப்பு கொதித்ததும் வழக்கம்போல ஒரு கை அள்ளிப் போட்டாள். நாத்தனார் உள்ளங்கையில் சொட்டு விட்டு ஊதி நக்கினாள். பத்தவில்லை என்றாள். கரண்டியக்கா இன்னொரு கை போட்டாள். தானும் ஒரு சொட்டு எடுத்து வாயில் வைத்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு கரித்தது. நாத்தனார் மறுபடி பார்த்தாள். சொல்லத் தயங்கினாள்.

"சொல்லுடி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"இன்னும் கொஞ்சம் வேணும் அண்ணி."

கரண்டியக்காவின் கை உப்புப் பானைக்குள் போய் அங்கேயே நின்றது. பிறகு எடுத்துப் போட்டாள். மூடியைத் தள்ளச் சொன்னாள். அன்று மதியம் நாங்கள் யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. இரண்டாம் தடவை சோறு கேட்டு வரிசை நின்றது. யாரும் அவளிடம் போய் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இத்தனை நாள் சொன்ன பிறகு அதை எப்படிச் சொல்வது. தட்டுகள் மோதுகிற சத்தம் அவளுக்கு அந்தக் கெட்ட காதில் ஊசி குத்துவது போல் இருக்குமாம். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

வாரக் கடைசியில், வேலை விட்டு வந்த சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாமியாரின் கைக்கட்டு மாற்றக் கொடுக்க அவள் கேட்டிருந்த பழைய துணிகளை எடுத்துக்கொண்டு நான் போயிருந்தேன். வாசற்படியில் உட்காரச் சொன்னார்கள். நாத்தனார் கடைக்குப் போயிருந்தாள். கரண்டியக்கா முதலில் பெரிய சட்டியிலிருந்து புருஷனுக்குப் போட்டாள். பிறகு சின்னச் சட்டியிலிருந்து தனக்குப் போட்டுக்கொண்டாள். சின்னச் சட்டியை வழித்துக் காலி செய்து, அவர் கைக்கு எட்டாத இடத்தில் கவிழ்த்தாள்.

அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். முகம் சுருங்கியது. மெல்லாமல் வைத்துக்கொண்டு இருந்தார்.

"கரிக்குது."

"முழுங்குங்க."

"கடல் தண்ணி மாதிரி இருக்கு."

"அடுப்புக்கிட்டேயே நிக்கற ஆளு நீங்க. நாளைக்கு உங்க காலும் இழுத்துக்கிட்டு அண்டாவோட விழுந்தா நான் என்ன பண்ணுவேன்? முழுங்குங்க."

விழுங்கினார். தண்ணீர் குடித்தார். அடுத்த வாயை எடுக்காமல் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வெறும் கிழங்கு, உடைத்த முட்டை, சோறு. அவள் தட்டை இன்னொரு பக்கம் நகர்த்தி, அவருக்குத் தெரியாதபடி முழங்காலுக்கு அந்தப் புறம் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணையே சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்," என்றார் அவர்.

அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். அன்று அவர் உட்கார்ந்திருந்தது அவளுடைய இடது பக்கம். அவளுக்குக் கேட்டதா இல்லையா என்று முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் தன் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவர் பக்கம் திரும்பாமல், "பழகிடும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சீக்கிரமே பழகிடும். எனக்குத்தான் நாளாச்சு" என்றாள்.

அவர் அடுத்த வாயை எடுத்தார்.